பன்னிரண்டு புள்ளி டம்ளர்

கைரேகை பொய் சொல்லாது. மனிதன் சொல்வான், மாட்டிக்கொண்டால் மாற்றிச் சொல்வான். ரேகை மட்டுமே சத்தியத்தின் கையெழுத்து. தடயவியல் கூடத்துக்கு வரும் ஒவ்வொரு புது அணிக்கும் இயக்குநர் இதைத்தான் முழங்குவார். முழங்கும்போது சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பார். யாரும் சொன்னதில்லை.

அன்றும் நாலு மணிக்கு வகுப்பு. மூன்றரைக்கே காட்சி அறையில் நின்று ஒத்திகை பார்த்தார். விஷத்துக்கு ஒரு பிரிவு, தோட்டாவுக்கு ஒரு பிரிவு. அந்தக் காலத்தில் ஊரார் அரிவாள்களை வெயிலில் வரிசையாக வைத்து, ரத்த வாடைக்கு ஈ மொய்த்த அரிவாளுக்குச் சொந்தக்காரனைப் பிடித்த கதை. கடைசியில் வழக்கம்போல அந்தக் கண்ணாடி டம்ளர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், கொலை நடந்த வீட்டு மேசையிலிருந்து, கொலைகாரன் குடித்துவிட்டு வைத்தது என்று அவரே எடுத்தது. அதில் வீட்டு டிரைவரின் கட்டைவிரல் ரேகை. ரேகைக் கோடுகள் பிரியும், முடியும் இடங்களில் பன்னிரண்டு புள்ளிகள் பொருத்தம். டிரைவர் சிறைக்குப் போனான், அங்கேயே செத்தான். இவருக்குப் பதக்கமும் 'பன்னிரண்டு புள்ளி' என்ற பட்டப்பெயரும் வந்தன.

உதவியாளர் அம்மாள் கண்ணாடி அலமாரியை எட்டிப் பார்த்தார்.

"சார், டம்ளர்ல தண்ணி இருக்கே. நீங்களா ஊத்தி வச்சீங்க?"

"பூட்டின அலமாரிம்மா. சாவி என் பாக்கெட்ல."

"அப்ப அலமாரிக்குத்தான் தாகம் போல" என்று நாற்காலி எண்ணப் போய்விட்டார்.

அடியில் ஒரு விரல் உயரம் தண்ணீர். மின்விசிறியின் கிறீச்சலுக்கும் பழைய கோப்புகளின் நெடிக்கும் அடியில், எங்கோ குடத்தைச் சரித்து மெல்ல ஊற்றுவதுபோல ஒரு சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கூரையைப் பார்த்தார், ஒழுகவில்லை. திரும்பிப் பார்த்தபோது பாதி டம்ளர்.

டம்ளர் வேர்த்தது. வேர்வையில் ஒரு கட்டைவிரல் தெளிந்தது. எண்ணத் தேவையில்லை, எண்ணினார். பன்னிரண்டு.

கூண்டில் நின்று டிரைவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "தடயம் எடுக்க வந்த ஐயா வேர்த்து விறுவிறுத்துப் போய்த் தண்ணி கேட்டாரு. நான்தான் அந்த டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன்." நீதிபதி இவரைப் பார்த்தார். தடயத்தில் தண்ணீர் குடிப்பது எங்கள் துறையில் வழக்கமில்லை என்றார் இவர். நீதிமன்றமே சிரித்தது. டம்ளரிலிருந்த மற்ற ரேகைகளை, விளிம்பில் இருந்த உதட்டுத் தடத்தை, 'தெளிவில்லை' என்று அறிக்கையில் எழுதியதும் இவர்தான்.

இப்போது தெளிவாக இருந்தன.

நாலு விரல். உதடு. உதடு பட்ட இடத்தில், பூட்டிய கண்ணாடிக்குள், ஒரு ஈ.

தண்ணீர் விளிம்பைத் தொட்டது. வெளியே மாணவர்களின் காலடி. காதருகே மூச்சு. பணிவான குரல்.

"குடிங்க ஐயா."

கதவு திறந்தது. அலமாரி பூட்டியபடி இருந்தது, காலியாக. இயக்குநர் டம்ளரை வாயில் சாய்த்து நின்றார். தொண்டை ஏறி இறங்கியது. மாறிப் போட்ட பொத்தான்கள் வழியே தண்ணீர் ஓடியது, தரையில் பரவியது. கண்கள் பிதுங்கின. டம்ளரில் ஒரு சொட்டும் குறையவில்லை.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் அவருக்குத் தாகமாக இருந்தது.