தம்பியின் கண்ணாடி

அந்தச் சிறுமியை அவள் அம்மா கூப்பிடுவது 'குண்டூசி' என்றுதான். ஆள் ஒல்லி என்பதற்காக இல்லை. எந்தச் சின்னப் பொருள் தொலைந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். திருகாணி, தோடு, பேனா மூடி, எதுவானாலும் சரி.

ஒன்று மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை, செல்லங்களே. கூட விளையாட ஓர் ஆள்.

அவர்கள் அந்த ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அம்மா ஏரிக்கரைப் படகுப் பட்டறையில் மெக்கானிக். பள்ளிக்கு விடுமுறை. குண்டூசி நாள் முழுக்கப் பட்டறை ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாள். ஏரிக்கரையில் ஈ, காக்கை இல்லை.

காரணம் சிவப்புக் கொடி. அது பறந்தால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏரிக் காவலரின் தண்ணீர் ஸ்கூட்டர் பழுதாகிக் கிடந்தது. யாராவது தத்தளித்தால் அவர் அதில்தான் பறந்து போவார். அது ஓடும்வரை கொடி இறங்காது, பிள்ளைகளும் வரமாட்டார்கள்.

"கார்புரேட்டர்லதான் கோளாறு. பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டி விடுறது இதுதான்" என்று சொல்லி, அம்மா ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய இரண்டு கார்புரேட்டர்களை மேசைமேல் வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு.

"ரெட்டைப் பிள்ளைங்களா அம்மா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

ஒன்றின் கன்னத்தில் கீறல் இருந்தது. அது அண்ணன், மற்றது தம்பி என்று குண்டூசி முடிவுசெய்தாள்.

அம்மா பிரித்துப் பிரித்துத் தட்டுகளில் வைத்தாள். அண்ணனுக்கு ஒரு தட்டு, தம்பிக்கு ஒரு தட்டு. குண்டூசி எல்லாவற்றையும் நோட்டில் வரைந்தாள். ஊசி, குட்டி ஸ்பிரிங், ரப்பர் தாள். சட்டைப் பொத்தான் அளவில், வெங்காயத் தோல் போல, வட்டமாக ஓர் ஏடு. அந்தப்பக்கம் தெரியும் ஏடு. ஆளுக்கு ஒன்று, உடம்போடு ஒட்டியபடியே இருந்தது. 'அண்ணன் கண்ணாடி, தம்பி கண்ணாடி' என்று பக்கத்தில் எழுதினாள்.

"பெட்ரோல்ல கழுவப் போறேன், காத்தடிக்கப் போறேன். எந்திரி, ஜன்னல் பக்கம் போ" என்றாள் அம்மா. அது பட்டறைச் சட்டம். அதற்குப் பிறகு அம்மா பேசமாட்டாள், காற்றுக்குழாய்தான் பேசும். உஸ்ஸ்ஸ்!

குண்டூசி ஜன்னலில் முகவாயை வைத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் இருந்த குறைகள்கூட அவளுக்குப் பழக்கம். மூலையில் ஒரு விரிசல், நடுவில் மூன்று பெயின்ட் துளி. இன்று கொடி ஓரிடத்தில் கொஞ்சம் நெளிந்து தெரிந்தது. புதிதாக ஒரு வட்டம். மழைத்துளியா? மழையே இல்லையே!

"குண்டூசி! வா, டெஸ்ட்டு!"

அவள் ஓடினாள். அம்மா கைப்பம்பை அண்ணனின் பெட்ரோல் வாயில் மாட்டி அழுத்தினாள். அளவுமானியில் முள் ஏறியது. குறித்த கோட்டைத் தொட்டதும் உள்ளே ஊசி திறந்து, 'டப்!' தம்பியும் அதே கோட்டில், 'டப்!'

"ரெண்டு பேரும் பாஸ்!" என்றாள் குண்டூசி.

பிற்பகல் காவலர் ஸ்கூட்டரை ஏரியில் ஓட்டிப் பார்த்தார். மெதுவாகப் போனது. வேகம் கூட்டக் கைப்பிடியை முறுக்கினார். 'டுர்ர்… டுக்… டுக்…' நின்றே போயிற்று. அவர் குதித்து, அதைத் தள்ளிக்கொண்டே நீந்தி வந்தார்.

"மெக்கானிக்கம்மா, போகும்போது இது என்னைச் சுமந்துச்சு. வரும்போது நான் இதைச் சுமக்குறேன்" என்றார், மீசையிலிருந்து நீர் சொட்ட. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குள்ள ஓடலைன்னா கம்பெனிக்கு அனுப்பிடுவாங்களாம். திரும்பி வர ரெண்டு மாசம். அதுவரைக்கும் சிவப்புக் கொடிதான்."

இரண்டு மாதம்! விடுமுறையே அவ்வளவுதான். அம்மா முன்னால் அழக் கூடாது என்று குண்டூசி கொடியையே பார்த்தாள்.

அம்மா மறுபடி இரண்டையும் கழற்றி டெஸ்ட் செய்தாள். டப். டப். சரியாகவே இருந்தது. அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

'பாவம், அம்மாவும் தனியாத்தான் மல்லுக்கட்டுறா' என்று தோன்றியது குண்டூசிக்கு. நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, பிரிச்சுக் காட்டேன். என் படத்தோட சரிபார்க்கலாம்."

அம்மா பிரித்தாள். ஊசி இருந்தது. ஸ்பிரிங் இருந்தது. ரப்பர் தாள் இருந்தது.

"அம்மா… தம்பியோட கண்ணாடி எங்கே?"

"கார்புரேட்டருக்கு ஏதுடி கண்ணாடி?" என்று சிரித்த அம்மா, படத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "அடக் கடவுளே! அந்த ஏட்டைக் கழட்டாமலே காத்தடிச்சுட்டேன். பறந்துபோச்சு! அது இல்லாட்டி, முறுக்கும்போது பெட்ரோல் பத்தாது."

"அப்போ டெஸ்ட்ல எப்படி பாஸாச்சு?"

"அது ஊசிக்கு வெக்கிற டெஸ்ட்டு, கண்ணு. ஏட்டுக்கு இல்ல. புதுசு வாங்க ஒரு வாரம் ஆகுமே!"

இருவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். மேசைக்கடியில், டப்பாக்களுக்குப் பின்னால். காணோம். கண்ணுக்குத் தெரியாததை எங்கே என்று தேடுவது?

கண்ணுக்குத் தெரியாதது…

குண்டூசி சட்டென்று எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். விரிசல் இருந்தது. மூன்று பெயின்ட் துளி இருந்தது. அதோ, அந்தப் புது வட்டம்! நகத்தால் மெல்ல நெம்பினாள். பெட்ரோல் ஈரத்தில் ஒட்டியிருந்த ஏடு, விரல்நுனிக்கு வந்தது.

அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கிழியல. சுருங்கல. எப்படிடி கண்டுபிடிச்ச?"

"தினமும் இங்கதானே உக்காந்திருக்கேன்" என்றாள் குண்டூசி.

அம்மா எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, அவளை ஒருமுறை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே ஸ்கூட்டர் ஏரியைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. காவலர் சிவப்புக் கொடியை இறக்கிப் பச்சைக் கொடியை ஏற்றினார். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. குண்டூசி ஜன்னலை விட்டு நகரவில்லை.

டொக், டொக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முன்பல் விழுந்த, அவள் வயதுப் பெண் ஒருத்தி. தோளில் காற்றடித்த டியூப்.

"ஏய், கரையில ஓரமா விளையாடப் போறேன். நீயும் வர்றியா?"

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்து முடிப்பதற்குள் அவள் வெளியே இருந்தாள்.

"வீட்ல நீ ஒருத்திதானா? அண்ணன், தம்பி யாருமில்லையா?" என்று அந்தப் பெண் நடந்துகொண்டே கேட்டாள்.

குண்டூசி ஏரியைக் காட்டினாள்.

"ரெண்டு பேர் இருக்காங்க. அதோ, ஓடிக்கிட்டிருக்காங்க. சின்னவன் கண்ணாடி போட்டிருப்பான்!"