தபால் அட்டை வீடுகள்

"அப்பா தவறி விழல. யாரோ தள்ளியிருக்காங்க," என்றாள் அவள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளர்தான் பொறுக்க மாட்டாமல் கேட்டார். "எதை வச்சும்மா சொல்றீங்க?"

அவளுடைய அப்பா பழைய வீடுகளின் புகைப்படத் தபால் அட்டைகளைச் சேகரித்தவர். அச்சகத்தில் அடித்தவை அல்ல. நெகட்டிவிலிருந்து நேராகத் தாளில் கழுவி எடுத்தவை. போன வாரம் மாடிப்படியின் அடியில் பிணமாகக் கிடந்தார். போலீஸ் விபத்து என்று முடித்துவிட்டது.

"கையில பூதக்கண்ணாடி இருந்துச்சு சார். அதை மேசையை விட்டு எடுக்கவே மாட்டார்."

அப்பாவும் அவர்களும் ஒன்றாக இருந்த வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் அவள் கணவர். துப்பறிவாளர் தபால் அட்டைகளைப் பற்றிக் கேட்டார்.

"மாமாவோட காகிதமா? அந்த மாடி அறைப்பக்கமே நான் போனதில்ல. அதுல எனக்கு ஒரு எழவும் தெரியாது."

மாடியில் உதவியாளர் பரபரத்தார். "திருடன் ஜன்னல் வழியா வந்திருப்பான் சார்!"

"கம்பி போட்ட ஜன்னல்ய்யா. வந்தது ஆளா, புகையா?" என்றார் துப்பறிவாளர்.

அவர் ஆல்பங்களோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சில அட்டைகளைக் கீழே கொண்டுவந்து இருவரிடமும் கொடுத்தார். "இதுல அவருக்குப் பிடிச்ச வீடு எது?"

மகள் ஒரு வீட்டின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் அட்டைகளை ஓரத்தில் பிடித்தார், புரட்டினார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார், ஒன்றை மட்டும் தள்ளி வைத்தார். "தெரியலையே," என்றார்.

"தெரியாதவங்க வீட்டைப் பார்ப்பாங்க," என்றார் துப்பறிவாளர். "நீங்க முதல்ல பின்பக்கம் பார்த்தீங்க. தபால்தலை ஒட்டுற மூலையில இருக்கிற தாள் கம்பெனி குறியை வச்சுத்தான் தாளோட வயசைச் சொல்வாங்க. அப்புறம் சாய்ச்சுப் பார்த்தீங்க. பழைய அட்டைன்னா கறுப்பான இடம் வெள்ளி மாதிரி மினுங்கும். மினுங்காததை ஒதுக்கிட்டீங்க. அது போலி. மேல ஆல்பத்துல பாதி போலிதான்."

"விஷயம் தெரிஞ்சா கொலைகாரனா?" கணவர் சிரிக்க முயன்றார்.

"இல்ல. ஆனா தெரியாதுன்னு ஏன் சொல்லணும்? நல்லதை உருவிட்டுப் போலியைச் செருகினவருக்குத்தான் அந்தப் பொய் வேணும். பூதக்கண்ணாடியில பார்த்ததும் உங்க மாமாவுக்குப் புரிஞ்சுபோச்சு. அதைக் கீழே வைக்கக்கூடத் தோணாம உங்க பின்னாடி ஓடி வந்திருக்கார்."

கணவர் கையிலிருந்த அட்டைகளைக் கீழே வைத்தார். "படியில கையைப் பிடிச்சார். உதறினேன். அவ்வளவுதான்."

உதவியாளர் வாசல் பக்கம் நகர்ந்தார். கேட்டது மகள்தான்.

"விழுந்ததும் உயிர் போயிடுச்சா?"

"இல்ல."

"ஏதாவது சொன்னாரா?"

அவர் தரையைப் பார்த்தார். "உன்னைத்தான் கூப்பிட்டார்."

"எத்தனை தடவை?"

துப்பறிவாளர் போலீஸுக்குப் போன் செய்தார். ஜீப் வாசலில் வந்து நிற்கும்வரை அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.