மூன்று மாதத் தவணை

போன் அலறியது!

பாரிஸ், லா சப்பல் மீன்கடையின் பின்னறை. நீக்கிலாஸின் கையிலிருந்த அறக்குளா வழுக்கித் தரையில் விழுந்தது.

"எடுங்கோ அண்ணை! இண்டைக்குக் கடன் கேக்கிற ஆளை மடக்கிறம்!" என்றான் துஷ்யந்தன். ஊராரின் பேப்பர் அலுவல் பார்த்துப் பிழைக்கிற புரோக்கர். நாக்கில் தேன், பையில் ரப்பர் முத்திரை.

"பயமாக் கிடக்கடா..."

"அப்ப திவால் எண்டு டொசியே பேப்பர் எழுதிப் போடப் போறியளோ? பேந்து எந்த பாங்க் உங்களுக்கு லோன் தரும்? பொண்டி வீடு அம்போ!"

புறநகரான பொண்டியிலிருக்கும் அந்த வீடு, மனைவி மார்கிரட் ஆசையாசையாய்ப் பார்த்து வைத்திருந்தது. ஆனால் சீட்டுக் காசோடு ஒருவன் கம்பி நீட்ட, பொறுப்பு நின்ற நீக்கிலாஸ் கிரெடிட் கார்டுகளைத் தேய்த்தே எல்லோருக்கும் கொடுத்து முடித்திருந்தான். பதினெட்டாயிரம் யூரோ! மார்கிரட்டுக்கு ஒரு சொல் தெரியாது. பாவம் மனிதன்.

எடுத்தான்.

"அங்கிள், மெலிசா கதைக்கிறன்."

கடன் வசூல் கம்பெனிக்காரி. பாரிஸில் பிறந்த பிள்ளை. தமிழனிடம் கறக்கத் தமிழச்சியையே வேலைக்கு வைத்திருந்தார்கள், கெட்டிக்காரர்கள்!

"பிள்ளை... எனக்குக் கான்சர். மூண்டு மாசம்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்..."



"ஐயோ... அங்கிள்!"

"ஆறாயிரம் ஒரேயடியாத் தாறன். மூண்டிலை ஒரு பங்கு. அதோடை கணக்கை முடிச்சு விடு, பிள்ளை. செத்தவனிட்டை என்னத்தை வாங்கப் போறியள்?"

"டொக்டரின்ரை சேர்ட்டிஃபிக்காவை அனுப்புங்கோ. மேலிடத்திலை கதைச்சுப் பாக்கிறன்."

துஷ்யந்தன் ரப்பர் முத்திரையை வாயால் ஊதி ஊதிக் குத்தினான். கள்ளச் சான்றிதழ் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் போன்!

"அங்கிள், மேலிடம் ஏலாது எண்டிட்டுது."

"ஏன் பிள்ளை?!"

"உங்கட கார்டுகளோடை காப்புறுதி ஒண்டு இருக்கு. நீங்கள் செத்தா, காப்புறுதிக்காரர் முழுக் கடனையும் எங்களுக்குக் கட்டுவினம். பேந்து ஏன் நாங்கள் ஆறாயிரம் வாங்க வேணும்? மூண்டு மாசந்தானே... பொறுத்திருக்கிறம்."



"நான்... சாகாட்டில்?"

"அப்ப சேர்ட்டிஃபிக்கா கள்ளமோ? அது பொலிஸ் கேஸ், அங்கிள்!"

செத்தால் கடன் தீரும். உயிரோடிருந்தால் கம்பி எண்ண வேண்டும். அவன் சட்டப்படி தப்புவதற்கு இருந்த ஒரே வழி... சவப்பெட்டி!

துஷ்யந்தனுக்கு அடித்துப் பார்த்தான். கூலியை முன்கூட்டியே வாங்கியிருந்தவன் போனை அணைத்திருந்தான்.

இனி யாரிடம் போவது? மார்கிரட்டின் காலில் விழுந்தாவது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பக்கத்து மெற்றோ ஸ்டேஷனான ஸ்டாலின்கிராட்டிலிருக்கும் தன் வீட்டுக்கு நடந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருவில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிப்படி ஏறும்போது போன்!

"அங்கிள், மெலிசா. எனக்கு மனசு கேக்கேல்லை... அன்ரிக்கு ஆறுதல் சொல்லுவம் எண்டு உங்கட வீட்டு நம்பருக்கு எடுத்தனான்."

"ஐயோ! என்ன சொன்னனி?!"

"கடன், கான்சர், காப்புறுதி... எல்லாம்."

படியிலேயே குந்திவிட்டான்.

"அவள்... அழுதவளோ?"

"இல்லை, அங்கிள். ஒண்டே ஒண்டுதான் கேட்டவ."

"என்னவாம்?"

"'கான்சராலைதான் சாக வேணுமோ... வேறை எப்பிடிச் செத்தாலும் காசு கட்டுவினமோ?' எண்டு."



மேலே கதவு திறந்தது.

மார்கிரட்! கலியாணத்தன்று கூட அவள் இவ்வளவு அன்பாகச் சிரித்ததில்லை.

"இஞ்சாருங்கோ! உங்களுக்கெண்டு நண்டுக் குழம்பு வைச்சிருக்கிறன். ஆற முதல் வாங்கோ!"

பிடித்து இழுக்காத குறையாக மேசையில் உட்கார வைத்தாள். கோப்பையில் சோற்றைப் போட்டாள். நிறையக் குழம்பை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தாள்.

இருபது வருடக் குடித்தனத்தில் முதன்முறையாக நீக்கிலாஸ் மனைவியை உபசரித்தான்.

"முதல் நீர் சாப்பிடும், மார்கிரட்!"