செந்தமிழ்செல்வன் இருக்காரா?

துப்பட்டாவில் என்னவோ சொட்டியது. பழைய பஸ், ஐப்பசி மழை, கூரை ஒழுகாமல் என்ன செய்யும் என்று சந்திரலேகா முதலில் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டாள். ரெண்டாவது சொட்டுக்கு டீசல் வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால்... தலைக்கு நேர் மேலே, சாமான் வைக்கிற கம்பியில், ஒரு கோணிச் சாக்கு!

“ஏங்க, யாருது இந்தச் சாக்கு?”

“என்னுதுதான்,” என்றது பின்சீட்டுக் குரல், அவசரமே இல்லாமல்.

“டீசல் ஒழுகுது!”

“போட் இஞ்சின் பம்பு மேடம். ஒழுகலன்னா நான் ஏன் ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போறேன்?”

“அதுக்கு என் தலை மேலயா வைப்பீங்க?”

“பம்பு கடலூர்லயே ஏறிடுச்சு. உங்க தலைதான் ஆலப்பாக்கத்துல ஏறுச்சு.”

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினாள்... வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது. வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் இடுங்கியே பழகிய கண்கள். உதடு சிரிக்கவில்லை; சிரிப்பு கண்ணுக்குள் எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது. இமை முடியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு...

அட, இது என்ன வம்பு! படக்கென்று முன்னால் திரும்பிக்கொண்டாள். அவனே எழுந்து சாக்கை இறக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டான். அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. முதலிலேயே செய்திருக்கலாம் இல்லையா?

புதுச்சத்திரத்துக்கு முன்னால் பஸ் நின்றது. ரோட்டில் புளியமரம் சாய்ந்து கிடக்கிறதாம். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். மழையும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பஸ்ஸுக்குள் அப்படி ஒரு அமைதி.

டிக்... டிக்... டிக்...

பக்கத்து சீட்டு அம்மா கையைப் பார்த்தார், மேலே பார்த்தார். “எங்கியோ கடியாரம் அடிக்குது பாரு,” என்றார்.

சந்திரலேகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கடிகாரமாவது! ஊர் உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. சிதம்பரத்தில் இதய அறுவை சிகிச்சைத் துறையில் அவள் ஆராய்ச்சி மாணவி. இதயத்திலிருந்து ரத்தத்தை உடம்புக்குக் கொண்டுபோகிற பெரிய குழாய் இருக்கிறதே, பெருந்தமனி, அது சிலருக்குச் சின்ன வயசிலேயே பலூன் மாதிரி வீங்கிவிடும். வெடித்தால் ஆள் இல்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, துணியால் செய்த குழாயும் உலோக வால்வும் வைத்துத் தைப்பார்கள். அந்த வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை மூடும். மூடும்போது சத்தம் வரும்.

சத்தம் வந்த பின்சீட்டுப் பக்கம் மெல்லத் திரும்பினாள். “எந்த வருஷம் வச்சாங்க?”

“என்னது?”

“வால்வு.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு செத்தது. சட்டையின் மேல் பட்டனைக் கை தானாகத் தேடிப் போட்டது. “நீங்க யாரு?”

“நான் இதுலதாங்க ஆராய்ச்சி பண்றேன். சிதம்பரத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட எல்லாரையும் எனக்குத் தெரியும். முகம் தெரியாது... பேரு தெரியும். உங்க பேரு?”

“செந்தமிழ்செல்வன். சோனாங்குப்பம்.”

“பொய்!” கத்தியே விட்டாள். “செந்தமிழ்செல்வன் செத்துட்டாரு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டு அம்மா ‘முருகா’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவன் தன் கையையே ஒருதரம் கிள்ளிப் பார்த்துவிட்டு, “எனக்கு யாரும் சொல்லவே இல்லியே மேடம்,” என்றான்.

சிரிப்புச் சத்தம் அடங்க நேரமாயிற்று. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “மாசி மாசம் போன் பண்ணேன். ‘செந்தமிழ்செல்வன் இருக்காரா’ன்னு கேட்டேன். ஒரு ஆம்பளைக் குரல் ‘இல்ல’ன்னுச்சு. எப்பத்துலேர்ந்துன்னு கேட்டதுக்கு, ‘கடலோட போயிட்டாரு’ன்னுச்சு...”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

“அது நீங்கதானா?”

டிக்... டிக்... அதுதான் பதில்.

பாழாய்ப்போன ஒரு வார்த்தை! வீட்டில் இல்லை என்றாலும் ‘இல்லை’தான், உலகத்திலேயே இல்லை என்றாலும் அதே ‘இல்லை’தான். வீட்டில் இன்னொருத்தரிடமும் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது அவர்கள் துறையில் விதி. அன்றைக்கு அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இருந்தால்தானே...

“நான் அழுதேன், தெரியுமா?” என்றாள்.

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்! உங்க ஸ்கேன் எல்லாம் எத்தன தடவ பாத்திருப்பேன்... என் வயசுதான் உங்களுக்கும். முகத்தைத்தான் பாத்ததில்ல. நெஞ்சுக்குள்ள பாத்திருக்கேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காது மடல் சூடாகிவிட்டது. அவனும் பம்புச் சாக்கின் முடிச்சைத் தேவையே இல்லாமல் அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“கடலுக்குப் போன செல்வன் இல்லன்னேன்,” என்றான் கடைசியில், தணிந்த குரலில். “ரத்தம் இளக்கற மாத்திரை போடறவன் கடலுக்குப் போவக் கூடாதுன்னுட்டாங்க. அடி பட்டா ரத்தம் நிக்காதாம். போட்டை வித்தாச்சு. அப்பறம் ஒரு எடத்துல பொண்ணு பாக்கப் போனோம். எல்லாரும் பேச்சை நிறுத்துன நேரத்துல... கேட்டுடுச்சு. பொண்ணோட அத்தை, ‘பக்கத்துல படுத்தா அலாரம் வக்க வேணாம்’னு சொல்லிச்சு. எங்க அம்மாவும் சிரிச்சிடுச்சு மேடம். அதான் எனக்கு...”

நனைந்த ஜன்னல் கம்பியை விரலால் துடைத்தான் அவன்.

“அதுலேர்ந்து டீசல் இஞ்சின் கொட்டகைதான் எனக்கு வூடு. அந்த எரைச்சல்ல எதுவும் கேக்காது. வூட்ல ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும். இன்னிக்கு இந்த டிரைவர்தான் இஞ்சினை அமத்திட்டாரு.”

“செக்கப்புக்கு?”

“மாத்திரை ஒழுங்கா போடறேன். ரத்தம் மட்டும் கடலூர் ஓல்டு டவுன்லயே குத்திப் பாத்துக்கறேன். ஸ்கேனுக்கு வரல. வர மாட்டேன். உங்க ஆராய்ச்சில நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், என்னா இப்போ?”

“என்னா இப்போவா?” அவளுக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது, நல்லவேளை. “உங்களுக்கு வச்சது உலோக வால்வு. இன்னொரு முறை இருக்கு. குழாயை மட்டும் மாத்திட்டு, அவங்க அவங்க வால்வையே காப்பாத்தறது. நம்ம பக்கத்து ஜனங்களுக்கு எது ஜாஸ்தி நாள் தாங்குதுன்னுதான் நான் பாக்கறேன். கொஞ்சம் பேருதான் இருக்காங்க. அதுல நீங்க செத்தா, உலோக வால்வே ஆபத்துன்னு தோணும். நாளைக்குக் குமராட்சிலேர்ந்து ஒரு பையனோ, பண்ருட்டிலேர்ந்து ஒரு பொண்ணோ வந்து படுத்தா, உங்க பொய்ச் சாவை நம்பி டாக்டர் முடிவு எடுப்பாரு. உங்க ரோஷத்துக்கு அவங்க ஏன் கஷ்டப்படணும்?”

மரத்தை வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் இந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. முட்லூரில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். படியில் ஒரு நொடி நின்று, “துப்பட்டாவுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டுத் துவைங்க, போயிடும்,” என்றான். அவ்வளவுதான். பரங்கிப்பேட்டை மினிபஸ்ஸை நோக்கி நனைந்துகொண்டே நடந்தான்.

துப்பட்டாவை அவள் துவைக்கவில்லை. ஏன் என்று கேட்டால்... சும்மா கேட்காதீர்கள்.

மறுநாள் பேராசிரியர் திருநாவுக்கரசுவிடம் நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தையில் ஏமாந்து உயிரோடு இருக்கிறவரைக் கொன்றுவிட்டேன் சார் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“திருத்திடும்மா. ஆனா ஸ்கேன் இல்லாம அவரு பாதிதான் உயிரோட இருக்காரு. மீதித் தமனி வீங்குதான்னு நமக்குத் தெரியாது. கூப்பிட்டுப் பாரேன்.”

“சார்... இனிமே அவரோட விவரத்தை நான் பாக்கக் கூடாது. வேற யாராவது பாக்கட்டும்.”

“ஏன்?”

“நடுநிலையா பாக்க முடியாது சார்.”

பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். “ஓஹோ,” என்றார். அந்த ஓஹோவுக்கு அவள் தரையைப் பார்த்தாள்.

அவள் கூப்பிடவில்லை. நம்பர் கைபேசியிலேயே இருந்தது. கூப்பிட்டு, மறுபடியும் ‘இல்ல’ என்று சொல்லிவிட்டால்? ஒருதரம் அழுதது போதாதா? சேத்தியாத்தோப்பு வீட்டுக்குப் போனால் அங்கே சுவர்க் கடிகாரம். டிக் டிக். “ஏண்டி அதையே முறைச்சிப் பாக்கற?” என்றார் அப்பா. ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லையாம்!

இருந்தாலும் யோசனை விடவில்லை. வர மாட்டேன் என்று அவன் சொன்ன அந்த ஸ்கேன் மட்டுமா அவளை அரிக்கிறது? வீங்கிக்கொண்டிருந்தால்? அந்தக் கொட்டகை இரைச்சலில் யாருக்கும் தெரியாமல் ஒருநாள் வெடித்தால்? ‘இல்லை’ என்கிற அந்த வார்த்தை நிஜமாகவே நிஜமாகிவிட்டால்? ரோஷம் அவனுக்கு மட்டுமா இருக்கிறது, தனக்கும்தானே? முன்சீட்டில் உட்கார்ந்து அவனுக்குப் புத்தி சொல்லத் தெரிந்தவளுக்கு ஒரு போன் பண்ண வாய் வரவில்லை.

மறுபடி மழை பிடித்த ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி வராந்தாவில், மனசைக் கெட்டியாக்கிக்கொண்டு நம்பரை அழுத்தினாள். மணி போனது. எடுத்தார்கள்.

“செந்தமிழ்செல்வன்... இருக்காரா?”

அந்தப் பக்கம் பேச்சில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வராந்தா மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மழை மட்டும். அப்புறம்...

டிக்... டிக்... டிக்...

போனில் இல்லை. முதுகுக்குப் பின்னால்.

“இருக்கேன்,” என்றான் செல்வன்.

திரும்பினாள். நனைந்த சட்டை. மேல் பட்டன் போடவில்லை. கையில் ஸ்கேன் உறை. “காலைலயே வந்துட்டேன். திருநாவுக்கரசு டாக்டரே பாத்தாரு. உங்க பேரு சந்திரலேகான்னும் அவருதான் சொன்னாரு. பயப்பட ஒண்ணுமில்லியாம். வருஷா வருஷம் வந்து காட்டணுமாம்.”

“வருவீங்களா?”

“அது தெரியல. கூப்பிட ஆள் வேணுமே. உங்க ஆராய்ச்சி முடிஞ்சா நீங்க போயிடுவீங்க. அப்பறம் எனக்கு யாரு போன் பண்ணி, இருக்காரான்னு கேப்பாங்க?”

கண்ணில் அந்தச் சிரிப்பு ஒளியவில்லை இப்போது. வெளியே வந்து நின்றுகொண்டு அவளைப் பார்த்தது. ஆனால் வால்வு காட்டிக்கொடுத்துவிட்டது. டிக்டிக்டிக் என்று அதன் வேகம் ஏறிக்கொண்டே போனது. பாவம், இவனால் ஒரு படபடப்பைக் கூட மறைக்க முடியாது!

“போன் எதுக்கு?” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “பக்கத்துல இருந்தா... கேக்காமயே தெரிஞ்சிக்கலாமே.”

“லேகா...”

“எனக்கு அலாரம் வேணாங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு இனிமே தூக்கம் வரும். எங்க அப்பாகிட்ட நானே பேசறேன். உங்க அம்மாகிட்ட நீங்க பேசுங்க. இந்தத் தடவ சிரிச்சா, நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கரண்ட் வந்துவிட்டது. மின்விசிறிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து இரைந்தன. அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

சந்திரலேகா அவன் சட்டையின் மேல் காதை வைத்தாள். வராந்தாவில் போன நர்ஸ் பார்த்தால் பார்க்கட்டும்.

“செந்தமிழ்செல்வன் இருக்காரா?” என்றாள்.

“இருக்கேன்,” என்றான் அவன். “இருக்கேன் லேகா.”