வெட்டிய குழாய்

காலையிலிருந்து என்ஜினை யாரும் முடுக்கவில்லை. ரேடியேட்டர் தொட்டால் சில்லென்றிருந்தது. மீட்டரின் மறுமுனையில் இருந்த பித்தளைக் குமிழ், இன்னும் இடத்தில் பூட்டப்படாமல், பானெட்டின் ஓரத்தில் கந்தைத் துணிமேல் கிடந்தது. அப்படியிருந்தும், தங்கராஜு புதிதாக டாஷ்போர்டில் பதித்திருந்த சூட்டு மீட்டரின் முள், தொண்ணூறுக்குக் கீழே சாய்ந்து கிடக்கவேண்டியது, எழுந்து நின்றது.

அது செத்த மீட்டர். கொன்றவன் அவனே.

பட்டறை முதலாளி முகம்மது கனி காலையில்தான் அதை அவன் கையில் கொடுத்தார். ஆயர் ஈத்தாமில் இருக்கும் சீன முதலாளி தௌக்கேயின் பழைய கார், தண்ணீர் கொதிப்பது தெரியாமல் இரண்டு தடவை மலைரோட்டில் நின்றுவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சூடு பார்க்க மீட்டர் வேண்டும் என்று தௌக்கே சிங்கப்பூரிலிருந்து வரவழைத்திருந்தார். மீட்டருக்கும் குமிழுக்கும் நடுவே குதிரைமுடி கனத்தில் ஒரு செம்புக்குழாய். தேவைக்குமேல் இரண்டு முழம் நீளம். பெட்ரோல் குழாய் நீண்டால் என்ன செய்வானோ அதையே தங்கராஜு செய்தான். மிச்சத்தை வெட்டி எடுத்தான். துவாரம் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, பட்டறையில் எல்லாரும் செய்கிற மாதிரி, மீட்டர்ப் பக்கத்து முனையை வாயில் வைத்து உறிஞ்சினான், பிறகு குமிழ்ப் பக்கத்து முனையையும். தித்திப்பாக, குளிராக ஏதோ ஒன்று தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. இருமிப் பார்த்தான். வெளியே வரவில்லை. இரண்டு முனைகளையும் ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றி, டாஷ்போர்டுக்குப் பின்னால் செருகிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் தௌக்கேயின் டிரைவர் அப்துல் ரஹீம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஜோராப் பூட்டிட்டியே தம்பி. அந்தக் குழாயை மட்டும் வெட்டிறாதே லா. உள்ளே இருக்கிற ஆவிதான் முள்ளைத் தள்ளுது. வெட்டினா மையத்துதான், செத்துப்போயிடும்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா சரி." ரஹீம் மூக்கைச் சுளித்தார். "உன் வாயிலே என்னா ஆஸ்பத்திரி வாடை? பிள்ளை பெறப்போறது உன் பொஞ்சாதியா, நீயா?"

சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு தங்கராஜுவுக்குப் பிடிக்கவில்லை. ரஹீமின் மச்சான் ஒருவன் இந்த வேலைக்காகக் காத்திருப்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். பொருளைக் கெடுத்துவிட்டு மறைக்கிறவனுக்கு இங்கே இடமில்லை என்பது கனியின் சட்டம். வேலை போனால் நிபோங் திபால் ரப்பர் தோட்டம்தான். மறுபடி விடியுமுன் பால்மரம், மறுபடி கங்காணியின் வாய். அந்தக் கூலி லயத்தில் அவன் பெண்சாதி வடிவம்மாள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று இரண்டையும் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். மூன்றாவது இப்போது வயிற்றில்.

வெள்ளிக்கிழமை. கனியும் ரஹீமும் மற்ற இருவரும் ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்கள். சூலியா தெருவின் பாதிக் கடைகள் கதவைச் சாத்தியிருந்தன. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டிக் டிக்கென்று சத்தம் போட்டது. சாக்கடை, கிரீஸ், பக்கத்துக் கிடங்கின் கருவாடு எல்லாம் கலந்த நாற்றத்துக்கு நடுவே அந்தத் தித்திப்பு வாடை மட்டும் தனியாக வந்தது. காரிலிருந்து வருகிறதென்று முதலில் நினைத்தான். அவன் மூச்சிலிருந்து வந்தது.

ரஹீம்தான் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். முள்ளைக் கம்பியால் தூக்கிவிட்டு, நான் பயந்து உளறுவதற்காகக் காத்திருக்கிறான். தங்கராஜு மல்லாந்து படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். கம்பி எதுவும் இல்லை. டேப்பை விரலால் தடவினான். பிசுபிசுத்தது. உரித்தான்.

ஈயம் விட்டிருந்தது. இரண்டு முனைகளும் நாலு விரற்கடை விலகி, தனித்தனியே தொங்கின.

வெளியே வந்து முள்ளைப் பார்த்தான். கண்ணாடியைத் தட்டினான். நகரவில்லை. கோடுகளை எண்ணினான். தொண்ணூற்றெட்டு.

அந்த எண்ணை அவனுக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து தரும் டிரெஸர் கண்ணாடிக் குச்சியை அவன் வாயிலிருந்து பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எத்தனையோ விடியற்காலைகளில் சொன்ன எண். 'தொண்ணூத்தெட்டு. காய்ச்சல் இல்லே. போ வேலைக்கு.'

குமிழைக் கையில் எடுத்தான். கரியடுப்பில் கோப்பிக்கு வைத்த கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. குவளையில் ஊற்றி, காருக்குக் கொண்டுவந்து, குமிழை அதற்குள் இறக்கினான்.

முள் ஏறியது.

குழாய்தான் இரண்டாக வெட்டிக் கிடக்கிறதே. எதன் வழியாக?

நூறு. நூற்றிரண்டு. வயிற்றுக்குள் ஏதோ பற்றியது. கண் எரிந்தது. நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. நூற்றைந்து. காதுக்குள் ரத்தம் கெண்டிபோல் இரைந்தது. குமிழைக் குவளையிலிருந்து பிடுங்கி வெளியே போட்டான். முள் இறங்கியது. எரிச்சலும் இறங்கியது. இரண்டும் ஒன்றாக.

பிறகு குமிழை வாளித் தண்ணீரில் போட்டான். உடனே பல் கிட்டியது. கொளுத்தும் பகலில் உடம்பு சில்லிட்டது.

எடுத்துத் துடைத்தான். இதைப் பிடுங்கி எங்காவது புதைத்துவிடலாம். பிறகு தௌக்கே கேட்பார். கனி கேட்பார்.

வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னப்பா, இன்னும் குமிழைப் பூட்டலியா?" கனி தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தள்ளு, நான் பூட்டறேன்."

"வேணாம்ணே."

"ஏன்?"

ரஹீம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான்ணே," என்றான் தங்கராஜு.

கனி ஸ்பானரை எடுத்தார். குமிழ் உள்ளே போனது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. தங்கராஜுவின் விலாவுக்குள் எதுவோ இறுகியது. ரஹீம் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். என்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது. ரஹீம் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

"ஏறுது கனி நானா! நூறு!"

"மெதுவா மிதி."

"நூத்திப் பத்து! நான் இவனைச் சந்தேகப்பட்டேன் நானா. குழாயை வெட்டியிருப்பான்னு நெனச்சேன். பய கெட்டிக்காரன் லா!"

கனி தங்கராஜுவின் தோளைத் தட்டினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னா இப்படிக் கொதிக்குது? காய்ச்சலா?"

தங்கராஜு பானெட்டைப் பிடித்துக்கொண்டான். பட்டறை வெளுத்துப்போய்த் தெரிந்தது. சட்டையில் நனைந்திருந்த வேர்வை காய்ந்தது. கண்ணீர் வந்தது. வந்த இடத்திலேயே காய்ந்தது.

"நூத்தி நாப்பது!"

சொல்லிவிட வேண்டும். தோட்டமானால் தோட்டம். கங்காணியானால் கங்காணி. வெட்டிட்டேன்ணே. நிறுத்தச் சொல்லுங்க. வெட்டிட்டேன்.

"நூத்தி அறுபது! தௌக்கே பார்த்தா சந்தோசப்படுவாரு!"

"ஏன்டா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறே?" என்றார் கனி. "சொல்லித் தொலையேன்."

தங்கராஜுவின் வாய் முழுதாகத் திறந்திருந்தது. உதடுகள் அந்தச் சொல்லுக்காக அசைந்தன. பல்லிடுக்கிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளையாக, சீறிக்கொண்டு, நீராவி வந்தது.

ரஹீம் இன்னும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மிதித்தார்.