அரை கிலோவுக்குக் குறையாமல்

தனிமை என்பது தவம். உலகத்தின் பெரிய உண்மைகள் எல்லாம் தனித்திருந்தவர்களுக்கே வசப்பட்டிருக்கின்றன. கூட்டம் இரையும்... தனிமை மட்டுமே பேசும்.

சூரிய உதயப் படத்தின் மேல் இதை எழுதி, கார்குழலி அன்று காலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். சாயங்காலம், டோல்கேட் பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணப்பனின் மாவு மெஷினில் அந்தத் தவம் கலைந்தது.

"இன்னாம்மா இது... கால் கிலோதான் தேறும் போலகீது," என்று பையைத் தூக்கிப் பார்த்தார் கிருஷ்ணப்பன். "அரை கிலோவுக்குக் கம்மியா போட்டா மெஷினு வாய்லயே ஒட்டிக்கும். உனுக்கு நெடிதான் மிஞ்சும்."

"பீஃப் மசாலாண்ணா. எல்லாத்தையும் வறுத்து எடுத்துனு வந்துட்டேன்..."

வறுத்திருந்தாள்தான். மிளகாய் தனியாக, மல்லி தனியாக, மிளகும் சீரகமும் பொரியும்வரை, சோம்பு நிறம் மாறும்வரை, கடைசியாகச் சூட்டிலேயே பட்டை, கிராம்பு, ஒரு பிடி கல்பாசி. காலடிப்பேட்டையில் அவளுடைய ஒற்றை அறை மொட்டைமாடி வீடு முழுக்கத் தும்மியது. தும்மியது அவள் ஒருத்திதான். ஆனால் அறை சின்னது, எதிரொலி உண்டு. அம்மா போன பிறகு அண்ணன் குடும்பத்தோடு அம்பத்தூருக்குப் போய்விட்டான். கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை கறி. பாக்கெட் மசாலாவில் போட்டுப் பார்த்தாள். பாக்கெட்டில் வாசனையைத் தவிர எல்லாம் இருந்தது.

"வூட்ல எத்தினி பேரு?" என்றார் கிருஷ்ணப்பன், நல்ல மனதோடுதான்.

ஒரே ஒரு எண் சொன்னால் முடிந்திருக்கும். வரிசையில் நின்ற ஐந்தாறு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் குடும்பம் குடும்பமாய்த் தூக்குவாளி...

"எங்க வூட்டுக்காரருக்குக் காரமே ஆவாதுண்ணா. அதான் கம்மி."

முப்பத்து மூன்று வருடம் கல்யாணமே ஆகாமல் இருந்தவளுக்கு, மூச்சு விடும் நேரத்தில் ஒரு கணவன் கிடைத்தான்.

"ஐய... கண்ணாலம் ஆயிட்ச்சா? சொல்லவே இல்ல. பேரு இன்னா?"

"வல்லரசு." வாயில் முதலில் வந்தது அதுதான். "கப்பல்ல கீறாரு."

"எந்தக் கப்பலுங்க?"

இது கிருஷ்ணப்பன் இல்லை. பின்னாலிருந்து வந்த குரல். திரும்பினாள். நெட்டையாக ஒருவன். துறைமுக வேலைக்காரர்கள் போடும் ஆரஞ்சு சட்டை. கண்கள் செக்கச் சிவந்து, ஈரமாய், ஏதோ சொல்லத் துடிப்பவைபோல் அவளையே பார்த்தன... மிளகாய் அரைக்கும் இடத்தில் எல்லார் கண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று தன் மனசை அதட்டினாள்.

"நான் காட்டுப்பள்ளி போர்ட்ல கிரேன் ஆபரேட்டருங்க. அதான் கேட்டேன். எல்லாக் கப்பலும் தெரியும்."

கார்குழலியின் கண் சுவரெல்லாம் தேடியது. "சில்வர் மூன்," என்றாள் கம்பீரமாக.

"கேள்விப்பட்டதே இல்லியே..."

"பெரிய கப்பலு. இங்கலாம் வராது."

அவன் பெயர் ஜெரி. ராயபுரம். அவன் கையிலும் ஒரு பை, அதுவும் கால் கிலோ. கேட்பதற்கு முன்பே விளக்கம் வந்தது. "எங்க வூட்ல எல்லாரும் டயட்டு. அதான் கொஞ்சமா..."

கிருஷ்ணப்பன் இரண்டு பைகளையும் பார்த்தார். "ரெண்டும் பீஃப் மசாலாதான? ஒண்ணா கொட்டு. அரை கிலோ ஆச்சு. ஆளுக்குப் பாதி."

"அது எப்டி?" இருவரும் ஒரே குரலில்.

ஜெரி அவள் பைக்குள் எட்டிப் பார்த்தான். "மல்லி போட்டுகிறீங்க. ஸ்டூவுக்குப் போயி யாருங்க மல்லி போடுவாங்க? மிளகு, ஏலக்கா, பட்டை. அவ்ளோதான் ஸ்டூ. மல்லி போட்டா அது கொழம்பு."

"ஸ்டூன்னா இன்னா? கொழம்புக்குக் கோட்டு மாட்டி வுட்டா ஸ்டூவா?"

வரிசையில் சிரிப்பு. அவன் காது சிவந்தது. "சோம்பு வேற இவ்ளோ... இது கறிக்கா, இல்ல பீடாவுக்கா?"

"ஏலக்கா போட்டு நீங்க இன்னா, பாயசமா வெக்கிறீங்க?"

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து கறுத்து வந்த மேகம், ஹைரோட்டு லாரிகளையெல்லாம் ஒரே வீச்சில் அழித்தது. "கரண்டு பூடும், சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்று கிருஷ்ணப்பன் பதிலுக்குக் காத்திராமல் இரண்டு பைகளையும் மெஷினில் கவிழ்த்துவிட்டார்.

ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு எது அவளுடைய மல்லி, எது அவனுடைய மிளகு என்று யாராலும் சொல்ல முடியாது.

"சூடு ஆறுற வரைக்கும் டப்பா மூடாத. வேர்த்துக்கினு கட்டி புடிச்சுக்கும்," என்று பேப்பரில் கொட்டிக் கொடுத்தார். இருவரும் அதன் இரண்டு பக்கம் நின்று விரலால் பரப்பினார்கள். வெளியே மழை... உள்ளே கதகதவென்று ஒரு பழுப்புச் சிவப்பு மேடு. அவள் விரலும் அவன் விரலும் நடுவில் ஒருமுறை முட்டிக்கொண்டன.

"உங்க வல்லரசு சாரு... எப்ப வருவாரு?"

"சொல்ல முடியாது. உங்க வூட்டுல டயட்டு எப்ப முடியும்?"

"அதுவும் சொல்ல முடியாது."

இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

மறுநாள் கறி வைத்தாள். மூடியைத் திறந்ததும்... அடியில் அவளுடைய மல்லி நின்றது, அதன் மேல் அவனுடைய மிளகு மெல்ல ஏறியது, எங்கோ கடைசியில் ஏலக்காய் வந்து போனது. அம்மா வைத்த ருசி இல்லை. அதைவிட நன்றாக இருக்கிறதோ என்று தோன்ற, அம்மாவின் படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்! போனில் எல்லாப் பெயர்களையும் தள்ளிக்கொண்டே வந்தாள். கேஸ் ஏஜென்சி வந்தது. கடைசியில் ஃப்ரிட்ஜிடம் சொன்னாள். அது உறுமியது. மூன்று நாள் அதே கறியைச் சூடு பண்ணிச் சூடு பண்ணித் தனியாகச் சாப்பிட்டாள். அடியில் கிடந்த கடைசிக் கறித்துண்டு வரை.

இல்லாத புருஷனுக்கு இப்போது ஒரு வேலை வந்துவிட்டது: குறுக்கே நிற்பது. அன்று சும்மா 'நான் ஒருத்திதான்' என்று சொல்லியிருந்தால்...

மசாலா தீர்ந்ததும் மறுபடி வறுத்தாள். இந்தத் தடவை சோம்பைக் கொஞ்சம் குறைத்தாள். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மெஷினில் ஜெரி நின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டியாம்மா!" என்றார் கிருஷ்ணப்பன். "இவன் சனிக்கெழம சனிக்கெழம அதே பையைத் தூக்கினு வரான். இன்னும் கால் கிலோ போட்டா தனியா அரைச்சிடலாம் நைனான்னா, 'வேணாம், ஜோடி வரட்டும்'ன்றான். மசாலாவுக்கு ஜோடியாம்... பேஜாரு புடிச்சவன்."

ஜெரி தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "போர்ட்ல எல்லாரையும் கேட்டேங்க. சில்வர் மூன்னு ஒரு கப்பலே இல்ல."

"அது..."

"இங்க வந்து நின்னு நின்னு... போன வாரம்தான் கண்டுபுடிச்சேன்." அவள் தலைக்கு மேலே கை காட்டினான். பரண்மேல் அடுக்கிய அரிசி மூட்டைகள். ஒவ்வொன்றிலும் நிலா போட்டு, பெரிய எழுத்தில்: சில்வர் மூன். புழுங்கல் அரிசி.

"வல்லரசு சாரு அந்த மூட்டைலயா கீறாரு?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் கடை முழுக்கச் சிரித்தது. கார்குழலிக்கு முகம் எரிந்தது. அரைக்கக் கொடுத்த பையைக்கூட வாங்காமல் படி இறங்கி நடந்தாள். அன்றும் மழை. குடையை விரிக்கவும் தோன்றவில்லை. நனைந்துகொண்டே நடந்த அந்தத் தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது... அவர்கள் சிரித்தது அல்ல. அவள் தனி ஆள் என்று இனி அவனுக்குத் தெரியும். தனி ஆள் என்பதை மறைக்க அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டவள் என்றும் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஜெரி. சர்ச் பூசைக்குப் போட்ட இஸ்திரிச் சட்டை, மழையில் கசங்கி. ஒரு கையில் அரைத்த மசாலா டப்பா. இன்னொரு கையில் கறுப்பு கவர்.

"கிருஷ்ணப்பண்ணன்தான் உங்க பேரும் வூடும் சொன்னாரு. ஆளுக்குப் பாதின்னாரு... நான் பிரிக்கல."

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு வழிவிட்டாள். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறு கறி வாங்கப் போகவும் மனசில்லாமல், வெறும் உருளைக்கிழங்கு நறுக்கி வைத்திருந்தாள்.

அவன் கவரைத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுக் கதவோரமே நின்றான். "எங்க வூட்ல டயட்டுன்னு சொன்னேன்ல... பொய்ங்க. டயட்டு இருக்க ஆளே இல்ல. அம்மா, என் தங்கச்சி பிரசவத்துக்கு கோயமுத்தூர் போச்சு."

"வந்துடுவாங்கல்ல..."

"அந்தக் குழந்தை இப்ப எல்கேஜி படிக்குது."

சிரிக்கக் கூடாதென்று திரும்பிக்கொண்டாள். டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி மசாலாவை வெங்காயத்தில் போட்டாள். அறை முழுக்க மணம் எழுந்தது.

"கிரேன்ல மேல ஏறுனா, கீழ மனுசங்க எறும்பு மாதிரி," என்றான் அவள் முதுகைப் பார்த்து. "ஷிப்ட்டு முடியிற வரைக்கும் பேச ஆளில்ல. எறங்கி வந்தாலும்... ஆளில்ல. அன்னிக்கு நீங்க கொழம்புக்குக் கோட்டுன்னு சொன்னீங்க பாருங்க... அத்த நெனச்சு மேல தனியா சிரிச்சுகினு இருந்தேன். வயர்லெஸ்ல சூப்பர்வைசர் 'இன்னா ஜெரி, உடம்பு சரியில்லியா'ன்றாரு."

அவள் உருளைக்கிழங்கைப் போட்டாள். உப்புப் போட்டாள். மறுபடியும் போட்டாளோ என்னவோ.

"நேத்து கடையில நான் அப்டி கேட்டுருக்கக் கூடாது. ஆனா வல்லரசு இல்லைன்னு தெரிஞ்சப்ப... அந்தச் சந்தோசத்துல வாய்ல வந்துட்ச்சு." அவன் குரல் இறங்கியது. "எனுக்கு உங்களப் புடிச்சுகீது கார்குழலி. சோம்பு எவ்ளோ வேணாலும் போட்டுக்கங்க."

தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, வெயிட்டை வைத்தாள். திரும்பினாள். அவன் கண்கள் சிவந்திருந்தன... இந்த முறை இங்கே மெஷின் எதுவும் ஓடவில்லை.

"ஏலக்கா மட்டும் ரெண்டுக்கு மேல போடக் கூடாது," என்றாள். "போட்டா பேச மாட்டேன்."

"அப்ப போடலன்னா பேசுவீங்களா?"

"தெனமும்."

தூரத்தில் துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. மாடியில் மழை விழுந்துகொண்டே இருந்தது. இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்ப்பதும் அடுப்பைப் பார்ப்பதும், நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு அந்த அறையில் இரண்டு தட்டு எடுத்து வைக்கப்பட்டது. மூலையில் உறுமிய ஃப்ரிட்ஜை யாரும் சட்டை செய்யவில்லை.

குக்கர் ஏழாவது விசில் அடித்தது. கறி, வெளிக்கதவின் தாழ்ப்பாளில் அவன் மாட்டிய கறுப்பு கவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.