தலைக்கு வெயில், காலுக்கு நிழல்

காலை பத்து மணிக்கு மனைவியின் தலையணையைத் தட்டிப் போட்டு, அவள் வலது கையை வெயில் படும்படி ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்துவிட்டுப் போனபோது, அவள் சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு சூப்புக் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அந்த விரலில் ஒரு பச்சை மோதிரம் இருந்தது. கடிகாரக்காரர் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். வெளியே படர்ந்திருந்த கொடியின் இலைக்காம்பு ஒன்று உள்ளே நீண்டு வந்து, விரலை ஒரு சுற்று முழுதாகச் சுற்றி, நுனியைத் தன் மேலேயே மடித்துப் பூட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருஷமாக மற்றவர்களின் நேரத்தைச் சரிசெய்து கொடுத்தவர் அவர். வேலையே பார்க்காத ஒரு செடி இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு பார்த்திருக்கிறதே என்று நினைத்தார்.

எட்டு மாதத்துக்கு முன் அவளுக்குத் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அன்றிலிருந்து கண்ணைச் சிமிட்டுவாள், ஊட்டினால் விழுங்குவாள், அவ்வளவுதான். அவர் கடையை மூடிவிட்டு, வேலை மேசையையும் பழுதுக்கு வந்த கடிகாரங்களையும் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்தார். அவள் கட்டிலை ஒட்டி ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த மதில். நாளெல்லாம் அவள் அந்த மொட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பது அவருக்குச் சகிக்கவில்லை. அதனால்தான் நர்சரிக்குப் போய், பூக்கிற கொடியாக ஏதாவது வேண்டும் என்று கேட்டார்.

நர்சரிக்காரர் கிளெமாட்டிஸ் என்று ஏதோ பேர் சொன்னார். அது கடிகாரக்காரரின் வாயில் நுழையவில்லை. ஊதாக்கொடி என்று வைத்துக்கொண்டார்.

"பூ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வரும் சார். வாசனை மட்டும் கிடையாது," என்றார் நர்சரிக்காரர். "இதுக்கு இலைக்காம்புதான் கை. பென்சிலை விடத் தடிமனா இருந்தா பிடிக்கத் தெரியாது, மெல்லிசாக் கம்பி கட்டுங்க. தலைக்கு வெயில் வேணும், காலுக்கு நிழல் வேணும். வேர்ல சூடு பட்டா தாங்காது. மண்ணு மேல தட்டையா ஒரு கூரை ஓடு போட்டு மூடிடுங்க."

"வேற ஏதாவது?"

"ஆழமா நடுங்க. ரெண்டு கணு மண்ணுக்குள்ள போயிடணும். மேல பட்டுப்போனாலும், வெட்டியே போட்டாலும், கீழேருந்து திரும்ப வந்துடும்."

அந்தக் கடைசி வார்த்தை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அப்படிக் கிடந்தவளை நினைத்துக்கொண்டே அன்று மாலை குழி தோண்டினார். ஒரு கணு கூடுதலாகவே புதைத்தார்.

இப்போது அந்தப் பச்சை மோதிரத்தை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. மேசையிலிருந்து சின்னக் கத்தரியைக் கொண்டுவந்து, விரலில் படாமல், காம்பை மட்டும் நறுக்கினார்.

"ஸ்ஸ்..." என்றாள் அவள்.

கத்தரி கீழே விழுந்தது. எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. நெற்றி கூடச் சுருங்கியிருந்தது. அவர் தரையிலேயே உட்கார்ந்து, அவள் கையை முகத்தில் அழுத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

அதன் பிறகு அவர் அந்தக் கொடியை வெட்டவில்லை. அதுமட்டுமா, தானே வழியும் போட்டுக் கொடுத்தார். ஜன்னல் கம்பியிலிருந்து கட்டில் சட்டம் வரைக்கும், அங்கிருந்து அவள் மணிக்கட்டு வரைக்கும், மெல்லிய பித்தளைக் கம்பிகளை இழுத்துக் கட்டினார். ஒரு வாரத்தில் இலைகள் கம்பி கம்பியாக நடந்து உள்ளே வந்துவிட்டன. அவருக்குத் தொழில் புத்தி போகுமா? ஒரு காம்பு ஒரு சுற்றை முடிக்க எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். முதல் நாள் ஒரு மணி ஐம்பது நிமிஷம். அடுத்த வாரம் நாற்பது நிமிஷம்.

செவ்வாய்க்கிழமைதோறும் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் துள்ளிக் குதித்தாள். "விரல் மடங்குது சார்! நான் பிடிச்சா அவங்க திருப்பிப் பிடிக்கறாங்க. என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. பூச்செடி வெச்சேன்," என்றார் அவர் பெருமையாக.

பிறகு வார்த்தைகள் வந்தன. முதலில் "ஜன்னல்." இரண்டு நாள் கழித்து "தண்ணி." ஒரு நாளைக்கு இரண்டு குடம் கேட்டாலும் கொடுத்திருப்பார், அவளும் கிட்டத்தட்ட அவ்வளவு குடித்தாள். அதற்கடுத்த வாரம், முழு வாக்கியமே வந்தது.

"கால் சுடுது. மூடி விடுங்க."

போர்வையைப் போர்த்தினார். "சுடுது," என்றாள் மறுபடியும். ஈரத்துணி போட்டார். "சுடுது." கடைசியில் ஏதோ ஒரு யோசனையில், தோட்டத்தில் மிச்சமிருந்த தட்டை ஓடு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, அவள் பாதங்களின் மேல் வைத்துப் பார்த்தார். அவள் முகம் தெளிந்தது. அவருக்குத்தான் முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. நோயாளிக்கு ஆயிரம் ஆசை இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒரு குறை மட்டும் நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை. "என்ன கடிகாரம், இன்னைக்கு சாவி கொடுக்கலையா?" என்பாள். "கடிகாரம், பசிக்குதா?" என்பாள். விருந்தாளிகள் முன்னால்கூடக் கடிகாரம்தான். இப்போது வந்த குரல் அவரை 'ங்க' போட்டுப் பேசியது. அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கேலி மருந்துக்குக்கூட இல்லை.

ஒருநாள் மத்தியானம் மனது தாங்காமல் கட்டிலில் உட்கார்ந்து கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை பழைய மாதிரி 'என்ன கடிகாரம்'னு கூப்பிடேன். நீதான்னு எனக்குத் தெரியணும்."

அவள் கண்ணைச் சிமிட்டினாள். காற்று அடிக்கவில்லை, ஆனாலும் தலைக்கு மேல் இலைகள் ஒரு தடவை சலசலத்து அடங்கின. அறையில் லேசாகப் பவுடர் வாசனை அடித்தது. அவள் தினமும் குளித்துவிட்டுப் போடுகிற பவுடர். டப்பா தீர்ந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. மூக்கு இழுத்த பக்கம் போய்ப் பார்த்தார். ஜன்னலோரம் அன்று காலை விரிந்திருந்த ஊதாப்பூவின் நடுவிலிருந்து வந்துகொண்டிருந்தது அந்த வாசனை.

செவ்வாய்க்கிழமை வந்த பிசியோ பெண் இந்தத் தடவை குதிக்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தவள், அதை மெதுவாகத் திரும்பப் போர்த்தினாள்.

"சார், அம்மாவைத் தினமும் நீங்கதானே தூக்கறீங்க? எடை குறைஞ்சது தெரியலையா?"

தெரியும். துணி மாற்ற அவளைத் தூக்கும்போது போன மாதம் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். இந்த வாரம் ஒற்றைக் கையால் தூக்கினார். பேசுகிறாளே என்ற சந்தோஷத்தில் அந்தக் கணக்கை மட்டும் மனது போட மறுத்தது.

"இவ்வளவு தண்ணி குடிக்கறாங்க, கட்டில்ல மாட்டின சிறுநீர்ப் பை காலியா இருக்கு. அப்ப அதெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஜன்னலைப் பார்த்தாள். "இந்தச் செடி ஏன் சார் உள்ள வருது? நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி வண்டியோட வரேன். தயாரா இருங்க."

அவள் போன பிறகு அவர் வெகுநேரம் வாசலில் நின்றார். உள்ளே நுழைந்தபோது மனைவியின் முகம் ஜன்னலின் இடது மூலைக்குத் திரும்பியிருந்தது. காலையில் வலது மூலைக்குத் திரும்பியிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. வெளியே மதில் நெடுக அத்தனை பூக்களும் இடது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. வெயில் அங்கேதான் இருந்தது.

பக்கத்து அறையில் இருபத்தேழு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு காம்பைப் பார்த்து நேரம் எடுத்தார். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் பத்து வினாடி.

பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகத் தோட்டத்துக்குப் போனார்.

கொடியின் அடித்தண்டு முழங்கால் உயரத்தில் அவர் கட்டைவிரல் பருமன் இருந்தது. ஓட்டுக்குக் கீழே மண் சதசதவென்று ஈரம். ஒரு மாதமாக அவர் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கத்தரியின் வாயை விரித்துத் தண்டில் வைத்தார். வெட்டினால் அவள் பேச்சு நின்றுபோகும். மறுபடியும் கண் சிமிட்டல், விழுங்கல். இருக்கட்டும், அதாவது மிஞ்சட்டும், அவளாக மிஞ்சட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினார்.

"என்ன கடிகாரம்."

அதே குரல். அதே கேலி. கடைசி எழுத்தில் அவள் போடுகிற அந்தச் சின்ன இழுப்புகூட அப்படியே இருந்தது.

"கடிகாரம், இன்னைக்கு சாவி கொடுக்கலையா?"

கண் மளமளவென்று நிறைந்துவிட்டது. வந்துவிட்டாள். கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினார். சமையலறையைத் தாண்டும்போதுதான் கால் தயங்கியது. கடிகாரம் என்ற வார்த்தையை அன்று அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது தான்தான். சாவி? சாவியைப் பற்றி அவர் சொல்லவே இல்லையே. அது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

இன்னொன்றும் உறைத்தது. குரல் அறைக்குள்ளிருந்து வரவில்லை. தோட்டத்தில் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்தது. பூ இருந்த பக்கம்.

அறைக்குள் போனார்.

அவள் உதடுகள் மூடியிருந்தன. காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி. பேசி ரொம்ப நாளான உதடுகள். தலைமுடி முழுதும் வெள்ளிப் பஞ்சாகி, சுருள் சுருளாக நின்றது. வெளியே பூ உதிர்ந்த காம்புகளில் அதே பஞ்சு. அவர் போர்வையைப் பிடித்துத் தூக்கினார். கூடவே இரவு உடையும் எழுந்து வந்தது. உள்ளே கனம் இல்லை. சருகுச் சத்தம் கேட்டது. பாதத்தின் மேல் வைத்த ஓட்டை எடுத்துத் தரையில் போட்டார்.

பாதம் இல்லை. வெள்ளை வெள்ளையாக, நூல் நூலாக, மெத்தைக்குள் இறங்கியிருந்தது.

"கடிகாரம்," என்றது ஜன்னலுக்கு வெளியே அவள் குரல். "இங்க வா. தனியா இருக்கேன்."

கதவு திறந்துதான் கிடந்தது. தெருவுக்குப் பத்தே எட்டு வைத்தால் போதும். கட்டிலில் எது இல்லாமல் போயிருந்தாலும் அந்தக் குரலுக்குள் எங்கேயோ அவள் இருந்தாள், சாவி ஞாபகத்தோடு இருந்தாள். வெட்டினாலும் கீழேயிருந்து திரும்ப வரும். அவர்தானே அவ்வளவு ஆழமாக நட்டார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையை விளிம்பில் வைத்தார்.

சுண்டுவிரலில் சில்லென்று ஒன்று தொட்டது. ஒரு சுற்றுக்கு முப்பது வினாடி.

காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. பிசியோ பெண் வேகமாக உள்ளே வந்தாள்.

"சார்? ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க? அம்மா எங்க?"

போ, என்று சொல்ல நினைத்தார். ஓடிப் போ, கிட்ட வராதே. முழு பலத்தையும் நாக்குக்குக் கொண்டுவந்தார். வாய் திறந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் அது தானாகப் பேசியது.

"கால் சுடுதும்மா. மூடி விடு."

அந்தப் பெண்ணுக்கு இரக்க மனசு. "என்ன சார் ஆச்சு உங்களுக்கு," என்று பதறி, தரையில் கிடந்த அந்த ஓட்டை எடுத்து அவர் பாதத்தின் மேல் வைக்கக் குனிந்தாள். அவள் கழுத்திலிருந்த மெல்லிய சங்கிலி முன்னால் சரிந்து, ஜன்னல் விளிம்பில் ஊசலாடியது. பென்சிலை விட எவ்வளவோ மெல்லிசு.

ஒரு காம்பு நுனி அதைத் தொட்டது. திரும்பத் தொடங்கியது.

அசைய முடிந்தது கண் மட்டும்தான். பக்கத்து அறைக் கடிகாரங்களோடு சேர்ந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கில் சுற்று முடிந்தது.